கூட்டாளி விலகல்

பிளஸ் டூ அக்கவுண்டன்சியில முதல்ல ‘கூட்டாளி சேர்ப்பு’ வரும், அடுத்ததுதான் ‘கூட்டாளி விலகல்’. பிங்க் ஃப்ளாய்டோட ரெண்டாவது ஆல்பம் ‘எ சாசர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்’ உருவான கதையும் அதே வரிசைதான். (பி.காம் படிக்கிறவன் பாட்டு கேட்டா இப்படித்தான் தோணும், பொறுத்துக்கங்க!)

முதல் ஆல்பத்துல கிட்டத்தட்ட எல்லாப் பாட்டும் சிட் பாரெட் எழுதினது. 1967 கடைசியில மனுஷன் தடுமாற ஆரம்பிச்சுட்டார். போதை மருந்து, மனநிலை ரெண்டும் சேர்ந்து மேடையில கிடாரைத் தொங்கவிட்டுட்டு சும்மா நிப்பாராம். சமாளிக்க அவரோட கேம்பிரிட்ஜ் சிநேகிதன் டேவிட் கில்மோரையே சேர்த்தாங்க. அஞ்சு பேரா சில கச்சேரிதான். 1968 ஜனவரியில சவுதாம்டன் கச்சேரிக்கு வண்டியில கிளம்பினப்போ, சிட்டைக் கூட்டிட்டுப் போகணுமான்னு ஒருத்தர் கேட்க, வேணாம்னு இன்னொருத்தர் சொல்ல... அவ்ளோதான். சண்டை இல்ல, கடிதம் இல்ல. வண்டி அவர் வீட்டுப் பக்கம் திரும்பல.

அப்போ அவங்க ஆறு பேர் கூட்டு. வாசிக்கிறவங்க நாலு பேர், மேனேஜருங்க ரெண்டு பேர். மார்ச்சில அதைக் கலைச்சப்போ மேனேஜருங்க சிட் பக்கம் போயிட்டாங்க. ‘நற்பெயர்’ பூரா அவர்கிட்டதான் இருக்குன்னு மதிப்புப் போட்டிருப்பாங்க போல. 1973ல ‘டார்க் சைட் ஆஃப் த மூன்’ வந்தப்போ அந்தக் கணக்கு எவ்ளோ தப்புன்னு தெரிஞ்சுபோச்சு.

ஜூன்ல வந்த இந்த ஆல்பம் சுமாரா, சூப்பரான்னு கேட்டா, ரெண்டும்தான். டைட்டில் பாட்டு கிட்டத்தட்ட 12 நிமிஷம். வாட்டர்ஸும் மேசனும் ஆர்க்கிடெக்சர் படிச்சவங்க இல்லையா, அதைக் கட்டட பிளான் மாதிரி பேப்பர்ல வரைஞ்சுதான் அமைச்சாங்களாம். நடுவுல கொஞ்சம் பொறுமை வேணும், ஆனா கடைசியில ஆர்கன் எழும்போது புல்லரிக்கும். ‘செட் த கன்ட்ரோல்ஸ்’ல மட்டும்தான் அஞ்சு பேரும் இருக்காங்க.

கடைசிப் பாட்டு ‘ஜக்பேண்ட் ப்ளூஸ்’ சிட்டோடது. வெளியே அனுப்பின ஆளோட குரல்லயே ஆல்பத்தை முடிச்சிருக்காங்க. சால்வேஷன் ஆர்மி பேண்டைக் கூப்பிட்டு, இஷ்டத்துக்கு வாசிங்கன்னாராம். அந்த இரைச்சல் அடங்கினதும் தனியா ஒரு கிடார். அங்கதான் நான் ஒவ்வொரு தடவையும் ஹெட்போனைக் கழட்டிடறேன்.

ஏன்னா நாங்களும் இதைச் செஞ்சிருக்கோம். மூணு பைக், நாலு பேர். ரெண்டு அரியர் விழுந்ததுக்கப்புறம் அவன் சரியாப் பேசறதில்ல, காலேஜுக்கும் பாதி நாள்தான் வருவான். ஒருநாள் லேட்டாயிடுச்சுன்னு அவன் தெருவுல திரும்பாம நேரா போயிட்டோம். மறுநாளும் போயிட்டோம். லேட்டாகாத நாள்லயும்.

போன மாசம் பஸ் ஸ்டாப்ல பார்த்தேன். ‘என்னடா, உங்க ரூட்டை மாத்திட்டீங்களா?’ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டான். ஆமான்னுட்டேன்.