பாதி விலைக்கு ஒரு பல்லக்கு

நாங்கள் இருவரும் பார்க்கச் சென்றது 2013ஆம் ஆண்டு பிஎம்டபிள்யூ 320டி. சென்னையை அடுத்த சிங்கப்பெருமாள்கோயில் ஆலையில் உருப்பெற்ற ஊர்தி. கேட்ட விலை ஒரு புதிய சிறுகாரின் விலைதான். ஆனால் விலை இறங்குவதுபோல் பழுதுச் செலவு இறங்குவதில்லை. உதிரிபாகங்கள் சொகுசுக்காரின் கணக்கிலேயே வந்து நிற்கும்.

இதன் என்47 டீசல் எஞ்சினில் டைமிங் செயின் பின்புறம், கியர்பெட்டியை ஒட்டி அமைந்துள்ளது. அது தேய்ந்தால், செயினின் விலையைவிட அதைச் சென்றடையும் கூலியே பெரிது. கூடுதல் உத்தரவாதம் உண்டென்றார் விற்பவர். பத்திரத்தை உரைநூல் போல வரிவரியாகப் படித்தோம். தேய்மானப் பொருள்கள் சேரா. முன்பே இருந்த பழுது சேராது. சர்வீஸ் ஆவணம் விடுபட்டிருந்தால் எதுவுமே சேராது. இக்காருக்கோ நடுவே இரண்டாண்டு ஆவணம் இல்லை.

தாங்கவியலாப் பேரிழப்புக்காகத்தான் உத்தரவாதம் வாங்குகிறோம். அந்த ஒன்றையே இது விலக்கியிருந்தது. அவ்விடத்தில் மகளின் மேற்படிப்புச் சேமிப்பே காப்பாக நிற்க வேண்டியிருக்கும்.

ஆண்டுதோறும் வகுப்பில் நாங்கள் நடத்தும் தெரிந்துசெயல்வகை, குறளின் 47ஆம் அதிகாரம். எஞ்சினின் பெயரிலும் 47! தற்செயல்தான், எனினும் முன்பணம் கொடாமலே எழுந்து வந்தோம்.