ஆத்தங்குடியில் கேட்ட யோசனை

காரைக்குடிப் பக்கம் போகிறவர்கள் ஆத்தங்குடிப் பெரிய வீட்டின் தரையைப் பார்த்து வாய் பிளந்துவிட்டுத் திரும்பி விடுகிறார்கள். கல் செய்யும் பட்டறையையும் ஒரு நடை எட்டிப் பாருங்கள். சூளையே கிடையாது! கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து வண்ண சிமெண்டை ஊற்றி, மணலும் சிமெண்டும் தூவி, மேலே கலவை போட்டு அழுத்துகிறார்கள். தண்ணீரில் ஊறிக் காய்ந்து கண்ணாடி பிரிந்ததும் பளபளவென்று பூ சிரிக்கிறது.

என்னோடு வந்த நாத்தனாருக்கு அந்த அழகு கண்ணில் படவில்லை. அவள் வீட்டு மாடிக் குளியலறையிலிருந்து நீர் கசிந்து, கீழே குழந்தைக்குத் தூளி கட்டும் அறையின் சுவரெல்லாம் பூஞ்சை. கொத்தனார் இரண்டு தடவை மூலையில் வெள்ளை சிமெண்ட் அடைத்தார். இரண்டு தடவையும் விரிசல்.

"எல்லாத்தையும் பேத்துட்டு இந்தக் கல்லையே போட்டுடலாமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்மா. இது நடக்க நடக்க மெருகேறுற கல்லு. சதா ஈரத்துக்கு ஏன்?" என்றார் கல் பதிக்கும் பெரியவர். "தரை ஒரு பக்கம் அசையும், சுவரு ஒரு பக்கம் அசையும். நடுவுல சிமெண்ட் வச்சா வெடிக்காம என்ன பண்ணும்?"

விஷயம் அவ்வளவுதான். ஒரே தளத்தில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள இடுக்குக்கு கிரௌட். அது சிமெண்ட் ஜாதி, இறுகிவிடும். சுவரும் தரையும் சேரும் மூலை, வாஷ்பேசின் ஓரம், குழாய் சுவருக்குள் நுழையுமிடம் இவற்றுக்கு ரப்பர் மாதிரி வளைந்து கொடுக்கும் சிலிகான். பழைய சிமெண்டைச் சுரண்டி, மூலை நன்றாக உலர்ந்த பிறகே பூச வேண்டும்; பூசி ஒரு நாள் தண்ணீர் படக் கூடாது. வீட்டில் ஆண்பிள்ளைகள் அவசரப்படுவார்கள், விடாதீர்கள்! வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் சிமெண்டுக்கும் சலவைக்கல்லுக்கும் ஆகாது. கடையில் 'நியூட்ரல்' என்று கேட்டு வாங்குங்கள். கழிவறை ஆசிட்டை கிரௌட்டில் ஊற்றித் தேய்த்தால் அது அரித்துக்கொண்டே போகும்.

மூலையை மட்டும் அடைத்தால் கசிவு நின்றுவிடுமா? தரைக்கு அடியில் போட்ட நீர்க்காப்பே கெட்டிருந்தால் நிற்காது. பெரியவர் சொன்ன பரீட்சை சுலபம்: மூலை காய்ந்த பிறகு, வடிகாலைத் துணியால் அடைத்து, இரண்டு விரற்கடை தண்ணீரை ஒரு நாள் தேக்கி வையுங்கள். கீழே ஈரம் பரவினால் தரையைத்தான் பேர்க்க வேண்டும்.

நாத்தனார் பூஜையறைக்கு மட்டும் கல் எடுத்துக்கொண்டாள். தாமரைப் பூ போட்டது.