இடப்பக்கத்து மரை

தந்தையார் மறைந்து ஒன்பது ஆண்டுகளாகியும் எங்கள் வீட்டுப் பின்கட்டை ஒட்டிய ஓட்டுக் கொட்டகையில் அவருடைய ஃபார்கோ லாரி நின்றுகொண்டிருந்தது. 1944-இல் வால்சந்த் ஹீராசந்த் தொடங்கிய பிரீமியர் நிறுவனம், அமெரிக்கக் கிறைஸ்லர் கம்பெனியின் உடன்பாட்டோடு பம்பாய்க் குர்லாவில் உருவாக்கிய வண்டிகளுள் ஒன்று அது. ஆத்தங்குடித் தரைக்கற்களையும், இடிக்கப்பட்ட செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களையும் சுமந்தே அது எங்களைப் படிக்க வைத்தது. பாகப்பிரிவினையில் வீடு பிரிந்தது, மனை பிரிந்தது. கொட்டகையும் லாரியும் மட்டும் பிரியவில்லை.

உடன்பிறந்த நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசுவதையே விட்டிருந்தோம். சென்ற ஆண்டு பழைய இரும்பு வியாபாரி ஒருவர் வந்து பார்த்தார். பின்சக்கரங்கள் இரண்டும் அசையவில்லை. இழுத்துப் போக வழியில்லையாதலால், நின்ற இடத்திலேயே காஸ் வைத்து அறுத்துக் கிலோக் கணக்கில் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். முனீஸ்வரன் கோவில் தெருவில் உளுத்த கதவுக்கும் பழம்பொருள் என்று விலை சொல்லும் ஊர் காரைக்குடி. அவ்வூரில் தந்தையின் லாரிக்கு எடைதான் விலை. எங்களில் ஒருவருக்கு அது சரியெனப்பட்டது, மற்றவருக்குப் படவில்லை. யார் எவர் என்பது இங்கே வேண்டா. ஒரு மாதத்துக்குள் சக்கரங்களை உருளச் செய்துவிட்டால் அறுப்பதில்லை என்று முடிவாயிற்று.

முதல் நாள் முழுவதும் இடப்பக்கத்துச் சக்கரத்தோடு மல்லுக்கு நின்றோம். ஸ்பானரில் நான்கடிக் குழாயைச் செருகி, அதன்மேல் ஏறியும் நின்று பார்த்தோம். ஒரு நட்டும் கழலவில்லை. மாலையில் பட்டறைப் பாய் வந்தார். தந்தையாரின் வண்டியை முப்பது ஆண்டுகள் பழுது பார்த்தவர். ஸ்டட்டின் முனையைக் கம்பி பிரஷால் தேய்த்து, அங்கே பொறித்திருந்த ஆங்கில 'எல்' எழுத்தைக் காட்டினார்.

"இது இடது மரை, தம்பி. வலப்பக்கமாத் திருப்பினாத்தான் கழலும். காலையிலேருந்து இறுக்கிக்கிட்டு இருந்திருக்கீங்க."

சக்கரம் சுழலும் போக்கில் நட்டு தானே இளகிவிடக் கூடாது என்பதற்காக, அக்கால லாரிகள் பலவற்றில் இடப்பக்கத்துக்கு மட்டும் மரையை மாற்றி வெட்டியிருப்பார்களாம். தந்தையார் இதை எங்களிடம் சொல்லியிருப்பார். நாங்கள்தாம் கேட்டிருக்க மாட்டோம்.

ஹப்பைக் கழற்றுவது அதனினும் கடினம். ஆக்ஸில் ஷாஃப்டின் தட்டைப் பிடித்திருக்கும் நட்டுகளை எடுத்தாலும் ஷாஃப்ட் வெளிவராது. ஒவ்வொரு ஸ்டட்டையும் சுற்றிக் கூம்பு வடிவான, பிளவுள்ள சிறு வளையம் ஒன்று இறுகி உட்கார்ந்திருக்கும். அதை உளியால் நெம்பினால் தட்டு கெடும். பாய் பித்தளைச் சுத்தியலால் தட்டின் நடுவே ஓங்கி அடித்தார். வளையங்கள் ஒவ்வொன்றாகத் துள்ளி வந்தன. ஷாஃப்டை உருவி, பேரிங்கைப் பூட்டியிருந்த பெரிய நட்டுகளையும் எடுத்தார். இரு பக்கமும் இப்படியே செய்ததில், வலப்பக்கத்து ஹப் பிரேக் டிரம்மோடு சேர்ந்து வந்துவிட்டது. இடப்பக்கம் வரவில்லை.

டிரம்முக்கும் பிரேக் ஷூவுக்கும் நடுவே துரு. துருவானது தான் தின்ற இரும்பைவிடப் பன்மடங்கு இடம் கொள்வது. மயிரிழை இடைவெளியில் அது பருத்தால் ஆப்பு அடித்ததுபோல் இறுகிவிடும். வள்ளல் அழகப்பர் நிலமும் பொருளும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இதே ஊரில் உலோக அரிமானத்தை ஆராய்ந்து வருகிறது. எங்கள் துருவுக்குக் காரணம் காண ஆய்வகம் தேவைப்படவில்லை. பாய் அண்ணாந்து பார்த்தார். இடச்சக்கரத்துக்கு நேர்மேலே இரண்டு ஓடுகள் உடைந்திருந்தன. ஒன்பது ஆண்டு ஐப்பசி, கார்த்திகை மழை அங்கேதான் சொட்டியிருக்கிறது. கொட்டகை யார் பங்கு என்று தீராததால், ஓடு மாற்றுவது மற்றவர் பொறுப்பென்று இருவரும் இருந்துவிட்டோம். பாய் ஒன்றும் கேட்கவில்லை. நாங்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

சம்மட்டியைத் தேடிய எங்களை அவர் தடுத்தார். டிரம் வார்ப்பிரும்பு, விளிம்பில் அடித்தால் விண்டுபோகும், மாற்று கிடைப்பது அரிது. ஷூவைத் தளர்த்தும் திருகைப் பின்தட்டின் பக்கமிருந்து முதலில் இளக்க வேண்டும். மண்ணெண்ணெயில் ஆயில் கலந்து இருவேளையும் ஊற்றச் சொன்னார். லைனர் எண்ணெய் குடித்துக் கெடும். கெடட்டும், எப்படியும் புதிதுதான் போட வேண்டும் என்றார். காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் என்று ஏற்பாடு. ஐந்தாம் நாள் மாலை ஊற்றப் போனவர், காலையில் ஊற்ற வேண்டியவரும் அங்கே வந்து அமர்ந்திருக்கக் கண்டார். அன்று இருட்டும்வரை பேசிக்கொண்டிருந்தோம். பெரும்பாலும் லாரியைப் பற்றித்தான்.

எட்டாம் நாள் திருகு அசைந்தது. பாய் எண்ணெயைத் துடைத்துவிட்டு, டிரம்மின் சுற்றைப் புளோ லாம்பால் இளஞ்சூடாக்கினார். பெரிய நட்டை நான்கு மரை மட்டும் திரும்பப் பூட்டினார். ஹப் திடீரென்று பிடி விட்டால் யார் காலிலும் விழக் கூடாதல்லவா? பிறகு புல்லரைப் பூட்டி, அதன் நடுத்திருகை இறுக்கி, மரச்சுத்தியலால் சுற்றிலும் தட்டினார். பலமுறை தட்டியபின் 'டப்'பென்று ஓர் ஓசை. செங்காவித் தூள் எங்கள் இருவர் மேலும் கொட்டியது.

ஷூக்களை எடுத்துவிட்டு ஹப்புகளை மீண்டும் பூட்டினோம். எட்டுப் பேர் தள்ள, ஃபார்கோ தெருவுக்கு வந்தது. இப்போது அது பாயின் பட்டறையில் நிற்கிறது. இடப்பக்கத்துப் பேரிங்கில் துருப்புள்ளிகள் விழுந்திருக்கின்றன; மாற்றுப் பேரிங்கை மதுரையில் தேடிக்கொண்டிருக்கிறோம். கொட்டகை யார் பங்கென்பது இன்னும் தீரவில்லை. ஓடுகளை மாற்றிவிட்டோம்.