கடைசி பெஞ்சிலிருந்து

தமிழ்நாட்டு வகுப்பறைகளில் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி எதுவென்று யாராவது என்னிடம் கேட்டால், "புரிந்ததா?" என்பதுதான் என்று தயங்காமல் சொல்வேன். "புரிந்தது சார்" என்ற பதிலும் அதே அளவுக்கு நிச்சயமானது. நாற்பது குரல்கள் ஒரே சுருதியில் அதைச் சொல்லி முடிக்கும்போது ஆசிரியர் அடுத்த பக்கத்தைப் புரட்டியிருப்பார். பிள்ளைகள் பொய் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரியவர்கள் எதைக் கேட்க விரும்புகிறார்களோ அதைச் சொல்லும் மரியாதை அது. புரியவில்லை என்று ஒருவன் சொன்னால் மணியடிப்பது தள்ளிப்போகும், மற்ற முப்பத்தொன்பது பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தச் சங்கடத்தை எந்தப் பத்து வயதுக்காரன் விரும்புவான்?

தேவிபட்டினத்தை ஒட்டிய ஒரு நடுநிலைப்பள்ளியில் தலைமையாசிரியராக இருக்கிறேன். எங்கள் மாவட்டத்தில் கல்வியைப் பற்றிப் பேச எழுந்தால் அப்துல் கலாமைத் தொடாமல் உட்கார முடியாது. அவர் பல மேடைகளில் சொன்ன கதைதான். இராமேசுவரத்தில் ஐந்தாம் வகுப்பில் சிவசுப்பிரமணிய ஐயர் கரும்பலகையில் ஒரு பறவையை வரைந்து, அது எப்படிப் பறக்கிறது என்று விளக்கினார். முடித்ததும் புரிந்ததா என்று கேட்டார். கலாம் இல்லை என்றார், இன்னும் பல பிள்ளைகளும் அதையே சொன்னார்கள். அன்று மாலை வகுப்பையே கடற்கரைக்கு அழைத்துச் சென்று, பறவைகள் சிறகடிப்பதையும் வாலைத் திருப்பித் திசை மாறுவதையும் காட்டினார். மேடைகளில் இந்தக் கதை எப்போதும் ராக்கெட்டில் போய் முடியும். எனக்கோ கடற்கரைக்குப் போவதற்கு முந்தைய அந்த ஒரு நிமிடம்தான் முக்கியமாகப் படுகிறது. 1940களின் தொடக்கத்தில், பிரம்பு மேசைமேல் கிடந்திருக்கக்கூடிய ஒரு காலத்தில், மீனவர் பிள்ளைகளும் படகுக்காரர் பிள்ளைகளும் ஆசிரியரின் முகத்தைப் பார்த்துப் புரியவில்லை என்று சொல்ல முடிந்திருக்கிறது. அந்தத் தைரியம் அன்றைக்கு ஒரே நாளில் வந்ததாக இருக்காது. அவர் அதற்கு முன் பல மாதங்கள் அதை வளர்த்திருக்க வேண்டும்.

இதே தைரியத்தை ஏற்பாடாகவே செய்துவிட முயன்றது செயல்வழிக் கற்றல். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், அப்போது ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் அதைத் தொடங்கினார். ஆந்திரத்தின் ரிஷிவேலியில் உருவான முறையே அதற்கு மூலம். 2007-08இல் மாநிலம் முழுவதும் ஒன்று முதல் நான்கு வகுப்புகளுக்கு அது வந்தபோது நான் இடைநிலை ஆசிரியன். நாற்காலி போய்ப் பாய் வந்தது. பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிக் கரும்பலகை அடித்தார்கள். ஏணிப்படியில் தன் இடம் எது என்று பார்த்து, தனக்குரிய அட்டையைத் தானே எடுத்துக்கொண்டு பிள்ளை வந்து உட்காரும். "வாத்தியார் பாடமே நடத்துறதில்லயாம், புள்ளைகளோட தரையில ஒக்காந்திருக்காராம்" என்று ஊரில் பேச்சு கிளம்பியது. அட்டைகள் கிழிந்தன, பயிற்சிகள் சடங்காயின, சில பள்ளிகளில் பார்வையாளர் வரும் நாளில் மட்டும் பாய் விரிக்கப்பட்டது. இத்தனைக்குப் பிறகும் சொல்கிறேன், ஆசிரியரின் கண்ணும் மாணவரின் கண்ணும் ஒரே மட்டத்தில் இருந்த அந்த ஆண்டுகளில் பிள்ளைகள் பேசினார்கள். பிறகு வந்த திட்டங்களின் பயிற்சிக் கையேடுகள் நேர்த்தியாக அச்சிடப்பட்டிருந்தன என்பதற்கு மேல் அவற்றைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகமில்லை.

(கிளைக்கதை ஒன்று. பிள்ளை பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதை மேலைநாட்டுச் சரக்கு என்று நினைக்கும் நண்பர்கள் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் எழும்பூர் அநாதை விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளியில் அதைப் புகுத்தினார். மூத்த மாணவர்களைக் கொண்டு இளையவர்களுக்குக் கற்பிக்கும் முறையை அங்கேயே வளர்த்து, 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப்பள்ளிகளில் பரவியது. நம் சட்டாம்பிள்ளை கப்பலேறிப் போய்வந்த கதை அது.)

தலைமையாசிரியர் என்பவர் இன்று பெரும்பாலும் ஓர் எழுத்தர். முட்டைக் கணக்கு, வருகைக் கணக்கு, இணையத்தில் ஏற்ற வேண்டிய விவரங்கள், மாலைக்குள் அனுப்ப வேண்டிய படிவங்கள். இவற்றுக்கு நடுவே தினமும் ஒரு பாடவேளையாவது ஏதாவது ஒரு வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்காருவது என்று வைத்துக்கொண்டேன். தொடக்கத்தில் ஆசிரியர்கள் அதைச் சோதனை என்றே எடுத்துக்கொண்டார்கள். இயல்புதானே, இத்தனை ஆண்டுகள் பின்னால் வந்து உட்கார்ந்தவர்கள் எல்லாரும் குறை எழுதத்தானே வந்தார்கள்! ஆகவே இரண்டு விதிகள் செய்துகொண்டோம். முதலாவது, நான் பாடம் நடத்தும்போது அவர்களும் பின்னால் வந்து உட்காரலாம். இரண்டாவது, ஆசிரியரைப் பற்றி நான் ஒரு வரியும் எழுத மாட்டேன். மூன்று பிள்ளைகளை மட்டும் பார்ப்பேன். நாற்பது நிமிடங்களில் அந்த மூவரும் என்ன செய்தார்கள், எத்தனை முறை வாய் திறந்தார்கள், நோட்டில் என்ன எழுதினார்கள் என்பதை மட்டும் சொல்வேன். அறிவுரை கிடையாது. ஒரு முறை, ஒரு சிறுமி நாற்பது நிமிடமும் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள், அதுவும் அழகான கையெழுத்தில். அதைச் சொன்னபோது அந்த ஆசிரியை எதுவும் பேசவில்லை. மறுநாள் அவரே இருக்கைகளை மாற்றிப் போட்டிருந்தார். ஜப்பானில் ஆசிரியர்கள் ஒரு பாடத்தைச் சேர்ந்து திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் பார்த்துப் பிறகு கூடிப் பேசும் வழக்கம் நூறாண்டுக்கு மேலாக இருக்கிறது. நாங்கள் செய்வது அதன் ஏழை உறவு.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கணக்கு என்னைத் தொந்தரவு செய்யத் தொடங்கியது. எங்கள் ஊரில் கடலுக்குள் நவபாஷாணம் இருக்கிறது. ஆடி, தை அமாவாசைகளில் கூட்டம் நெரியும். நவதானியம் விற்கும் கடையில் நிற்கும் எங்கள் பிள்ளை, மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் பிசகாமல் மீதிச் சில்லறை கொடுப்பான். நண்டு எடை போடும் இடத்தில் இரண்டே கால் கிலோவுக்கு எவ்வளவு என்று மனத்திலேயே சொல்லும் பெண் இருக்கிறாள். கரும்பலகையில் பின்னப் பெருக்கல் போட்டால் இருவரும் தலை குனிகிறார்கள். பிரேசிலின் ரெசீஃபே நகரில் தெருவில் தேங்காய் விற்ற சிறுவர்களைப் பற்றி 1985இல் வெளியான ஆய்வு நினைவுக்கு வந்தது. விற்கும்போது நூற்றுக்கு 98 சரியாகச் சொன்னவர்கள், அதே வகைக் கணக்கை வெறும் எண்களாகத் தந்தபோது 37தான் சரியாகச் செய்தார்கள். கொல்கத்தா, தில்லிச் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூப்லோ முதலியோர் செய்து 2025இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது. அதில் இன்னொரு பாதியும் உண்டு: பள்ளியில் மட்டும் படிக்கும் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் திணறினார்கள். ஆக, நண்டை வகுப்பறைக்குள் கொண்டுவந்துவிட்டால் போதும் என்பது பாதி வேலைதான். இரண்டே கால் கிலோவை மனத்தில் எப்படிப் போட்டாய் என்று அவளையே கேட்டு, அவள் சொல்லச் சொல்ல அதைக் கரும்பலகையில் எழுதிக்காட்ட வேண்டியிருக்கிறது. "ரெண்டு கிலோவுக்கு இம்புட்டு, காலுக்கு அதுல எட்டுல ஒண்ணு" என்று சொன்னாள். ஒன்றின் விலையை வகுத்துக் கண்டுபிடிக்கும் பாடநூல் வழியைவிட அது நேரானது.

கணக்காவது சந்தையில் பிழைத்துக்கொள்ளும். வாசிப்புக்கு அப்படி ஓர் இடமில்லை. 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் பெயர் எழுதப்பட்ட பிள்ளைகள், 2021 நவம்பர் 1 அன்று பள்ளி திறந்தபோது இரண்டாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். எழுத்தறிமுகம் நடக்க வேண்டிய காலம் முழுவதும் கடற்கரையில் கழிந்திருந்தது. எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்து, அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தது. பலர் அதில் கரையேறினார்கள். ஏறாதவர்கள் 2025இல் ஆறாம் வகுப்புக்கு வந்தபோது கையில் வரலாறும் அறிவியலும் கொடுக்கப்பட்டன. அசோகரின் கல்வெட்டுகளைப் பற்றிய பாடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, 'கல்' என்ற சொல்லிலேயே நிற்கும் பிள்ளையிடம் யார் எதைக் கேட்பது?

பிரதம் அமைப்பு வட மாநிலங்களில் செய்துகாட்டிய வழியை எடுத்துக்கொண்டோம். மாலையில் ஒரு மணி நேரம் வகுப்பு என்பதே கிடையாது. நான்காம் வகுப்பும் ஏழாம் வகுப்பும், எழுத்தில் நிற்பவர், சொல்லில் நிற்பவர், பத்தியில் நிற்பவர் என்று கலந்து உட்காரும். பெரிய பிள்ளைகளுக்குத்தான் வெட்கம். ஆகையால் அவர்களுடைய குழுவை நானே எடுத்துக்கொண்டேன், என் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு.

அதில் ஒரு பையனின் அம்மா சென்ற மே மாதம் வந்தார். கணவர் தொண்டிப் பக்கம் விசைப்படகுக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், வீட்டில் வருமானமில்லை. "தட முடிஞ்சதும் இவனயும் கூட்டிட்டுப் போயிரலாம்னு அவுக அப்பா சொல்றாக சார். படிப்பும் ஏறல, சும்மா இருந்து என்ன செய்யப்போறான்னு" என்றார். பதினான்கு வயது வரை பள்ளி என்ற சட்டத்தை நான் சொல்லவில்லை. அவருக்கும் அது தெரியும். வாடைக் காற்று தொடங்கும்வரை என்னிடம் விடுங்கள், அதற்குப் பிறகு அப்பாவையே ஒரு நாள் வரச்சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அரைமனதாகச் சரியென்று போனார்.

ஜூனில் வந்தான். தினமும் வருகிறான். மெய்யெழுத்து நடுவில் வரும் சொற்களில் இன்னும் தடுக்குகிறது. 'பட்டம்' வந்துவிட்டது. 'வெளிச்சம்' நேற்று வந்தது, மூன்றாவது முயற்சியில்.