ஓதமும் பிறைக்கணக்கும்

ஐம்பது வயதைக் கடந்த ஓர் அரபி ஆசிரியர் கையில் துடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆற்றில் இறங்குவது தகுமா என்று நம்மை நேரிலேயே வினவியவர் சிலர். நம் காதுபடப் பேசியவர் பலர். வீட்டிலுள்ளவர்களோ, "பிள்ளைகளுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டிய வயதில் மிஷ்காத் படித்துக்கொண்டிருந்தீர்கள், இப்போது தோணி என்கிறீர்கள்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்கள். அவர்களுக்கு நாம் விடை கூறவில்லை. கூறத் தெரிந்திருந்தாலன்றோ கூறுவதற்கு!

பரங்கிப்பேட்டையில் வாழ்கிறவர்களுக்கு வெள்ளாறு வாசற்படியைப் போன்றது. ஒரு காலத்தில் மஹ்மூது பந்தர் என்று வழங்கிய ஊர் இது. போர்த்துக்கீசியர் இதனைப் புதுத் துறைமுகம் என்று தம் மொழியில் அழைத்தனர். 1781-இல் ஹைதர் அலியின் படையும் ஆங்கிலேயர் படையும் மோதியதும் இவ்வூரின் அருகில்தான். மரக்கலம் ஓட்டிய மக்களின் பெயரன்மாராகிய நாமோ, கழிமுகத்தைப் பாலத்தின் மேலிருந்து மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். 'மாலுமி' என்னும் சொல் 'முஅல்லிம்' என்னும் அரபிச் சொல்லின் திரிபென்று அகராதி கூறும். முஅல்லிம் என்றால் ஆசிரியர். பதினைந்தாம் நூற்றாண்டில் இந்துமாக் கடலின் வழிகளையெல்லாம் எழுதிவைத்த அஹ்மத் இப்னு மாஜிதையும் மக்கள் முஅல்லிம் என்றே அழைத்தனர். முப்பது ஆண்டுகளாக நம்மை மாணவர்கள் அழைத்துவரும் பெயருக்குள் ஒரு தோணி கட்டிக் கிடந்ததை நாம் அறியாமலே இருந்தோம். இந்தச் செய்தியை ஒரு நாள் மாலை நண்பர்களிடம் சொன்னோம். அதுதான் தொடக்கம்.

2019-இல் நால்வராகத் தொடங்கினோம். பிறகு பதினொருவர் ஆனோம். கிள்ளையைச் சேர்ந்த ஒரு படகுக்காரர் சிறிய கண்ணாடியிழைத் தோணிகள் நான்கை வாடகைக்கு அமர்த்தித் தந்து, தாமும் உடன்வரச் சம்மதித்தார். ஆக, தோணிக்கு மூவர். திங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மட்டும் இல்லை. அக்காலத்தில் வெள்ளாற்றில் வரும் நீர் விளையாட்டுக்குரியதன்று.

இவ்வாறு ஒரு கூட்டத்தைச் சேர்த்து ஆற்றுக்கு அழைத்துச் செல்வது எளிதென்று எவரும் எண்ணிவிட வேண்டாம். மதரஸாவில் நூறு பிள்ளைகளை நிரையாக உட்காரவைப்பதைவிட, வயது வந்த பதினொருவரைக் காலை ஏழு மணிக்குப் படித்துறையில் நிறுத்துவது கடினம். ஒருவர் மிதவைச் சட்டை மூச்சை அடைக்கிறது என்பார். ஒருவர் கைப்பேசியை நெகிழிப் பையில் கட்டமாட்டார். நனைந்தபின் நம்மை நோக்குவார். உடல் பருத்தவர் இருவர் ஒரே தோணியில் ஏறினால் முனை நீரில் அமிழும். பிரித்து உட்காரச் சொன்னால் மனம் நோவார்கள். மிதவைச் சட்டை அணியாதவருக்குத் தோணி இல்லை. வருகிறவர்களின் பெயர்ப்பட்டியல் ஒரு வீட்டில் இருக்க வேண்டும். முன் தோணியில் படகுக்காரர், கடைசித் தோணியில் கைவலிமை உடையவர். இடையில் எவரும் கண்ணுக்கு மறையக்கூடாது. பிச்சாவரம் காட்டுக்குள் புகுவதாயின் வனத்துறையின் அனுமதி முன்னரே கையில் இருக்க வேண்டும். இவற்றில் நாம் விட்டுக்கொடுத்ததில்லை. நாம் விட்டுக்கொடுத்தது வேறொன்றில். அதைச் சொல்லவே இதை எழுத உட்கார்ந்தோம்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில், கிள்ளை உப்பங்கழி வழியாகத் தெற்கே சென்றால் பிச்சாவரத்துச் சதுப்புக் காடு. சுரபுன்னை மரங்கள் தம் வேர்களைக் கால்களைப் போல் நீரில் ஊன்றி நிற்கும். வெண்கண்டல் மரங்களோ சேற்றுக்கு மேலே விரல்களைப் போல் மூச்சுவேர்களை நீட்டியிருக்கும். இலையை நாவால் தொட்டால் உப்புக் கரிக்கும். அம்மரத்தின் அறிவியற் பெயர் அவிசென்னியா என்றும், அது நம் இப்னு சீனாவின் பெயரென்றும் நம்முடன் வந்த விலங்கியல் ஆசிரியர் ஒருவர் சொன்னபோது, அரபிப் பாடம் ஓதிய நாம் அதுவரை அறியாதிருந்தமைக்கு நாணினோம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது இக்காட்டின் பின்னே இருந்த குடியிருப்புகள் பெரும்பாலும் தப்பின. 2022-இல் ராம்சர் பட்டியலிலும் இது இடம்பெற்றது.

இக்கழிகளில் தோணி செல்வது ஓதத்தைப் பொறுத்தது. நாள்தோறும் நீர் இருமுறை ஏறி இருமுறை வற்றும். ஏறுவதற்கும் வற்றுவதற்கும் இடையில் ஆறு மணிக்குச் சற்று மேல். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தும். ஏனெனில் நீரை இழுப்பது நிலவு. நிலவு நாளுக்கு நாள் அவ்வளவு பிந்தியே உதிக்கின்றது. நம் கடற்கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீர் மிக உயர்ந்து மிகத் தாழும். காலை எட்டு ஒன்பது மணிவாக்கில் நிறைந்து, பிற்பகல் இரண்டு மூன்று மணிவாக்கில் வற்றிக் கிடக்கும். இதை அறிந்தவுடன் நம் உள்ளம் துள்ளியது. ஆங்கில மாதத்தைக் கொண்டு ஓதத்தை அறிய இயலாது; ஹிஜ்ரி மாதத்தைக் கொண்டு அறியலாமே! பிறை 15 என்றால் காலை ஒன்பதுக்கு நிறைவு. முன்னுள்ள ஒவ்வொரு நாளுக்கும் 50 நிமிடம் கழிக்க, பின்னுள்ள ஒவ்வொரு நாளுக்கும் 50 நிமிடம் கூட்ட. ஒரு குறிப்பேட்டில் இதைக் கட்டம் போட்டு எழுதினோம். பல மாதங்கள் அது ஏறக்குறையப் பலித்தது. பலித்ததே வினையாயிற்று.

பிறையைப் பற்றி நம் ஊர்களில் நிகழ்வதை வாசக அன்பர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கண்ணால் கண்டே மாதம் தொடங்க வேண்டும் என்பார் ஒரு சாரார். கணக்கிட்டே நாள் குறிக்கலாம் என்பார் மற்றொரு சாரார். நாம் முதல் சாராரைச் சேர்ந்தவர்; அதில் இன்றும் மாற்றமில்லை. ஆனால் நம் குழுவில் இருவர் இருந்தனர். ஒருவர் மளிகை வணிகர். மற்றவர் வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தவர். வணிகரின் தங்கையைத்தான் மற்றவர் மணந்திருக்கிறார். சிறுவயது முதல் ஒரே தட்டில் உண்டவர்கள். ஒரு பெருநாளன்று ஒரு வீட்டில் நோன்பும் ஒரு வீட்டில் பிரியாணியும் ஆனதிலிருந்து பேச்சு நின்றது. பள்ளிவாசல்களும் வேறாயின. தங்கை அண்ணன் வீட்டுக்கு வருவதும் அரிதாயிற்று. தோணிக்கு மட்டும் இருவரும் வந்தார்கள். வேறு வேறு தோணிகளில்.

2023 பிப்ரவரித் திங்கள், ரஜப் மாதம். அன்றைய தினம் நாம் அவ்விருவரையும் நம்முடைய தோணியிலேயே அமர்த்தினோம்: முனையில் ஒருவர், பின்புறத்தில் ஒருவர், நடுவில் நாம். இருவர் துடுப்பும் ஒரே கதியில் விழாவிட்டால் தோணி நேரே செல்லாது. ஆகவே பேசித்தான் ஆக வேண்டும் என்பது நம் சூழ்ச்சி. முதல் ஒரு மணி நேரம் தோணி கரைக்குக் கரை முட்டியது. பின்பு "வலம்", "இடம்" என்னும் இரண்டு சொற்கள் மட்டும் நம் தலைக்கு மேலாகப் போய்வந்தன. நமக்கு அதுவே போதுமானதாயிருந்தது.

காட்டின் ஓரத்தில் ஒரு மணல் திட்டில் லுஹரைத் தொழுதோம். ஊரில் பிறை 13. குறிப்பேட்டின்படி காலை 7.20-க்கு நிறைவு, பகல் ஒன்றரைக்கு வற்றி முடிந்து நீர் திரும்ப வேண்டும். ஆகவே ஒன்றே முக்காலுக்குக் குறுக்கு வாய்க்கால் வழியாகப் புறப்பட்டால், ஏறும் நீரோடு சுகமாக வெளியேறி மூன்று மணிக்குள் படித்துறையை அடையலாம். பகற்சோற்றையும் அங்கேயே வைத்துவிட்டு வந்திருந்தோம். படகுக்காரர் நீரில் ஒரு குச்சியைப் போட்டுப் பார்த்தார்.

"அஜரத்து, தண்ணி இன்னும் வெளியே இழுக்குது. ஒரு ரெண்டு மணி நேரம் பொறுத்துப் போவலாம்."

நாம் குறிப்பேட்டை எடுத்துக் காட்டினோம். அவருக்கு எழுத்து வாசிக்க வராது என்பதை நாம் அறிவோம். அறிந்தே காட்டினோம். அவர் நம் முகத்தைப் பார்த்தார். மேலே ஒன்றும் சொல்லாமல் தோணியைத் தள்ளினார்.

இரண்டேகால் மணிக்கு நான்கு தோணிகளும் சேற்றில் அமர்ந்துவிட்டன. இருபுறமும் வேர்கள். இறங்கினால் முழங்காலுக்கு மேல் புதையும். நீர் நம் கண்ணெதிரே மெல்ல மெல்ல விலகிச் செல்ல, நண்டுகள் வளையைவிட்டு வெளியே வந்து நம்மைப் பார்த்தன. சற்றுத் தொலைவில் கையால் இறால் பிடித்துக்கொண்டிருந்த இருளர் குடும்பத்தார் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததில் குற்றமில்லை.

பின்புறத்திலிருந்து வந்த குரல் நம்மை நோக்கியதன்று. நமக்கு அப்பால் முனையில் இருந்தவரை நோக்கியது. "உங்கள் பிறையை நம்பி வந்தோம். எங்கள் கணக்கில் இன்று பதினான்கு."

"உங்கள் கணக்கைக் கண்டு தண்ணீர் வந்து தூக்கிவிடுமோ?"

ஓராண்டுக்கு மேலாக அவர்கள் பேசிக்கொண்ட முதல் வார்த்தைகள் இவை. இதற்காகவா அருகருகே அமர்த்தினோம் என்று நாம் நொந்தோம். பேச்சு வளர்ந்தது. பெருநாள் வந்தது, பள்ளிவாசல் வந்தது, தங்கையின் பெயரும் வந்தது. நடுவில் இருந்த நம்மால் எழுந்து செல்லவும் இயலவில்லை. அடுத்த தோணியில் கால் நீட்டிப் படுத்திருந்த படகுக்காரர் தலையைத் தூக்கினார்.

"நேத்து சாயங்காலம் நிலா எப்போ ஏறிச்சுன்னு பாத்தீங்களா?"

எவரும் பார்த்திருக்கவில்லை. கண்ணால் காண வேண்டும் என்று மிம்பரில் நின்று பேசிய நாமும் பார்த்திருக்கவில்லை. ஒன்றாம் பிறைக்குப் பின் வானத்தை நோக்கும் வழக்கம் நமக்கு எப்போதோ நின்றுபோயிருந்தது. சுவரில் தொங்கிய தாளைப் பார்த்து எண்ணியிருந்தோம். பிறகு ஆராய்ந்தபோது விளங்கிற்று. ஒரு மாதத்தில் நாம் காணும் முதற்பிறைக்கு இருபது மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட வயதிருக்கும். மற்றொரு மாதத்தில் நாற்பது மணி நேர வயதிருக்கும். இரண்டுக்கும் நாம் இடும் எண் ஒன்றே. அந்த ரஜபில் நாம் கண்டது ஏறக்குறைய நாற்பது மணி நேரப் பிறை. வணக்கத்துக்கு அவ்வெண் போதும். மார்க்கம் அதற்குமேல் நம்மைக் கேட்கவில்லை. தண்ணீருக்கு மத்ஹபு இல்லை. மேலும், கழிமுகத்தில் திரும்பும் நீர் காட்டின் உள்வாய்க்காலுக்குள் வந்துசேரப் பின்னும் நேரமாகும். அதை நம் கட்டத்தில் எழுதவேயில்லை.

அஸர் நேரம் வந்தது. ஓடத்தில் நின்று தொழுதால் கவிழ்ந்துவிடும் என்னும் அச்சமிருந்தால் உட்கார்ந்து தொழலாம் என்பது பாடம். ஆனால் நம் தோணிகள் தரையைவிட உறுதியாக நின்றன. அந்தச் சலுகையைக் கேட்க எவருக்கும் வாய் இல்லாமற்போயிற்று. வாய்க்கால் தென்வடலாக ஓடியதால் தோணியின் நீளமே ஸஃப்பாக அமைந்தது. முன்னே நகர இடமின்றி நாம் ஓர் ஓரத்தில் சற்றே முந்தி நின்றோம். அவர்கள் இருவரும் நம் வலப்புறத்தில் தோளோடு தோள் நின்றனர். ஸலாம் கொடுத்தபோது இருவரில் எவர் முகத்தையும் நாம் நோக்கவில்லை.

அதன்பின் சிறிது நேரத்தில் மளிகை வணிகரின் பேச்சு குழறியது. நெற்றியில் முத்துமுத்தாக வியர்வை, விரல்கள் நடுங்கின. அவருக்கு நீரிழிவு உண்டு. காலையில் மாத்திரை உண்டவர். பகல் உணவோ படித்துறையில் கிடக்கின்றது. நாம் செய்வதறியாமல் நீர்க்குடுவையை நீட்டினோம். நமக்குப் பின்னாலிருந்து ஒரு கை நம்மைத் தள்ளியது. "தண்ணீர் வேண்டாம், இனிப்பு வேண்டும். மச்சான், வாயைத் திற" என்று சொல்லி, சட்டைப்பையிலிருந்த பேரீச்சம்பழத்தைக் கொட்டை நீக்கி ஒவ்வொன்றாக ஊட்டினார் மற்றவர். ஐந்தோ ஆறோ பழங்கள். கால்மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. அந்தக் கால்மணி நேரத்தில் நாம் ஓதியவற்றைக் கணக்கிட்டால் ஒரு மாதத்து ஓதல் தேறும். பட்டியல் எழுதினோம், சட்டை அணிவித்தோம், அனுமதி வாங்கினோம். ஒரு பொட்டலம் வெல்லத்தை எடுத்துவைக்கத் தோன்றவில்லை.

ஐந்து மணிக்கு வேர்களுக்கிடையே நீர் மெல்ல முனகிக்கொண்டு வந்தது. தோணி ஒருமுறை அசைந்தது. உப்பங்கழியின் அகன்ற பரப்புக்கு வந்தபோது மேற்கே கதிரவன் தாழ்ந்திருந்தது. கிழக்கே காட்டின் மேலே முழுநிலவு எழுந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் கண்டோம். துடுப்புகள் நின்றன. எவரும் அதன் எண்ணைச் சொல்லவில்லை.

படகுக்காரரிடம் படித்துறையில் மன்னிப்புக் கேட்டோம். "அதெல்லாம் என்ன அஜரத்து, சேத்துல உக்காராத தோணி உண்டா" என்று சொல்லி வாடகையை எண்ணி வாங்கிக்கொண்டார். பொறுத்திருந்த நேரத்துக்குக் கூடுதலாக நீட்டியதை மட்டும் மறுத்துவிட்டார்.

அந்த ஆண்டு நோன்புப் பெருநாளையும் அவ்விருவரும் வேறு வேறு நாள்களில்தான் கொண்டாடினர். ஆனால் தங்கை இரு நாளும் அண்ணன் வீட்டில் இருந்ததாக அறிந்தோம். பெருநாளுக்குப் பிந்திய பயணத்துக்கு முந்திய மாலை, மஃரிபு முடித்து நிலவைப் பார்ப்பதற்காக ஆற்றங்கரைக்குச் சென்றோம். நமக்கு முன்பே இருவரும் அங்கே நின்று படகுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தனர். மறுநாள் எப்போது புறப்படுவது என்பது முடிவாகிவிட்டிருந்தது. பேரீச்சம்பழத்தை யார் வாங்கி வருவது என்பதில் மட்டும் தகராறு நடந்துகொண்டிருந்தது.