விண்ணும் மண்ணும் என்னும் பள்ளத்தாக்கு

தென்னாப்பிரிக்காவின் தென்மேற்குக் கோடியில், கேப் டவுன் மாநகரிலிருந்து ஹெர்மானஸ் என்னும் கடற்கரை ஊருக்குச் செல்ல இரு வழிகள் உள்ளன. மலையைக் கடந்து செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் தொலைவு ஏறத்தாழ 120 கிலோமீட்டர். கடலை அணைத்தவாறு வளைந்து வளைந்து செல்லும் மற்றொரு சாலை சற்று நீண்டது. அவசரமில்லாதவர்கள் அதனையே விரும்புவர். நாமும் அவ்வழியே சென்று, திரும்பும்போது திராட்சைத் தோட்டங்கள் செறிந்த மலைநாட்டின் ஊடாக வருவோம்.

கோர்டன்ஸ் பே என்னும் சிற்றூரைத் தாண்டியதும் இடப்புறம் செங்குத்தான பாறைச் சுவர் எழுகின்றது; வலப்புறம் நீலக் கடல் விரிகின்றது. இக்கடலுக்குப் பொய்க் குடா என்று பெயர். கீழ்த்திசை நாடுகளிலிருந்து திரும்பிய மாலுமிகள் இங்குள்ள முனையொன்றைக் கேப் முனை என மயங்கித் திசை தவறி உள்ளே புகுந்தனராம். பாறையைக் குடைந்து இச்சாலையை அமைத்ததில், இரண்டாம் உலகப் போரில் சிறைப்பட்ட இத்தாலிய வீரர்களின் உழைப்பும் உண்டு. இந்த எழிலை வாகனத்தில் விரைந்தவாறே கண்டு செல்பவர்கள் பாதியை இழந்து விடுவார்கள். ஆங்காங்கே நிறுத்தி இறங்குவதற்கு இடம் விட்டிருக்கின்றார்கள்.

பெட்டிஸ் பே என்னுமிடத்தில், முன்னொரு காலத்தில் திமிங்கிலங்களை வெட்டி எண்ணெய் காய்ச்சிய துறையின் அருகே, இன்று பெங்குவின் பறவைகள் கூடு கட்டி வாழ்கின்றன. 1982-ஆம் ஆண்டில் தாமாகவே வந்து குடியேறியவை இவை. மரப்பலகைப் பாதையில் நின்று ஓரிரு முழத் தொலைவில் அவற்றைக் காணலாம். ஆணும் பெண்ணும் முறை வைத்துக்கொண்டு, ஒன்று குஞ்சைக் காக்க மற்றொன்று கடலுக்குச் சென்று இரை தேடுகின்றது. குரல் மட்டும் கழுதையின் கனைப்பேதான்! ஆனால் இவ்வினத்தின் நிலை கவலைக்குரியது. 2024-இல் இது அற்றுப்போகும் பேரிடரில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. உலகில் எஞ்சியிருப்பவை பத்தாயிரம் இணைகளுக்கும் குறைவு. இவற்றின் உணவான மத்தியும் நெத்திலியும் மனிதரின் வலைகளுக்குள் போய்விடுகின்றன. இவ்விடம் உள்ளிட்ட ஆறு குடியிருப்புகளைச் சூழ்ந்த கடலின் குறித்த பகுதிகளில் பத்தாண்டுகளுக்கு அம்மீன்களைப் பிடிக்கலாகாது என்று 2025 மார்ச்சில் நீதிமன்றம் ஆணையிட்டது.

அதே பாறைகளில் கொழுத்த முயலைப் போன்ற பழுப்பு நிறச் சிறு விலங்கொன்று வெயில் காய்ந்து கொண்டிருக்கும். திருப்பாடல் ஆசிரியர் பாறைகளில் புகலிடம் கொள்வதாகப் பாடும் குழிமுயலின் இனம் இதுவே. உண்மையில் இதற்கு முயலோடு உறவில்லை. உயிரியலார் கணக்கில் இதன் நெருங்கிய உறவினர் யானை என்றால் யார் நம்புவார்!

ஹெர்மானஸ் ஊரில் படகேறாமலேயே திமிங்கிலம் காணலாம். தென்கடல் பனிப்பரப்பை விட்டு ஜூன் முதல் நவம்பர் வரை இக்குடாவுக்கு வந்து, தாய்த் திமிங்கிலங்கள் கன்று ஈனுகின்றன. பதினைந்து மீட்டர் நீளமுள்ள அப்பேருயிர், கரைப்பாறையில் நிற்பவரின் காலடியில் என்னும்படி அருகில் வந்து மூச்சு விடுகின்றது. திமிங்கிலம் தென்பட்டால் கடற்பாசித் தண்டினாலான கொம்பை ஊதி ஊராருக்கு அறிவிக்க 1992-இல் ஓர் ஆளையே நியமித்தார்கள். ஆங்கிலத்தில் இவ்வினத்துக்குச் ‘சரியான திமிங்கிலம்’ என்று பெயர். வேட்டைக்குச் சரியானது என்பதே பொருள். மெல்ல நீந்தும், செத்தாலும் மிதக்கும். 1935 முதல் பன்னாட்டுப் பாதுகாப்புப் பெற்றுப் பெருகி வந்த போதிலும், மூன்றாண்டுக்கொரு முறை ஈன்ற தாய்கள் இப்போது நான்கு, ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறையே ஈனுகின்றன. தென்கடலில் இரை குன்றியதே காரணம் என்பர் ஆய்வாளர்.

ஊரை விட்டு மலைப்பக்கம் திரும்பினால் ஓர் அழகிய பள்ளத்தாக்கு. டச்சு மொழியில் அதன் பெயர் ‘விண்ணும் மண்ணும்’. இன்று உயர்ந்த திராட்சை இரசத்துக்குப் பெயர் பெற்ற இவ்விடத்தில் 1846 வரை தொழுநோயாளர் குடியிருப்பு ஒன்று இருந்தது. மொரேவியச் சபையின் மறைப்பணியாளர் அவர்களோடு வாழ்ந்து பணி செய்தனர். பின்னர் நோயாளிகளை ராபன் தீவுக்குக் கொண்டு சென்றார்கள். மண்டேலா சிறையிருந்த தீவு அதுவே. சுற்றிலும் குன்றுகள் மூடி, மேலே வானம் மட்டும் தெரிந்ததால் இப்பெயர் வந்தது என்பர். அடைபட்டோருக்கு அது எப்படித் தோன்றியதோ!

அங்கிருந்து வடக்கே வில்லியர்ஸ்டார்ப் வழியாக ஏறி இறங்கினால் பிரான்சுஹூக், அதாவது பிரெஞ்சுக்காரர் மூலை. அதற்கு முன்பு அதன் பெயர் யானை மூலை. யானைகள் மறைந்தன, 1688-இல் பிரெஞ்சுச் சீர்திருத்தச் சபையார் வந்தனர். கத்தோலிக்க மன்னன் பதினான்காம் லூயியின் கொடுமைக்குத் தப்பி வந்தவர்கள் அவர்கள். நம் வரலாற்றில் அது பெருமைக்குரிய பக்கமன்று. அவர்களை ஏற்ற டச்சு ஆட்சியோ 1804 வரை கத்தோலிக்கர் பொதுவில் திருப்பலி ஒப்புக்கொடுக்க இடந்தரவில்லை. முதல் திராட்சை இரசம் பிழியப்பட்டது 1659 பிப்ரவரி 2-ஆம் நாள். ஆக, 145 ஆண்டுகள் இரசம் பெருகிய நாட்டில் வெளிப்படையாக ஒரு திருப்பலிப் பீடம் இல்லை.

அந்த இரசத்தைப் பிழிந்த கைகள் யாருடையவை? பெரும்பாலும் அடிமைகளுடையவை. மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் கீழை இந்தியத் தீவுகளிலிருந்தும் மட்டுமன்று, வங்காளத்திலிருந்தும் மலபாரிலிருந்தும் நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் கப்பலேற்றப்பட்டவர்கள் அவர்கள். பழவேற்காடும் நாகப்பட்டினமும் அன்று டச்சு வணிகரின் கையில் இருந்தன. தாய் தந்தையர் இட்ட பெயர்கள் பறிக்கப்பட்டு, ஊரின் பெயரோ மாதத்தின் பெயரோ சூட்டப்பட்டது. செப்டம்பர், பிப்ரவரி என்பன இன்றும் அங்கே குடும்பப் பெயர்களாய் வழங்குகின்றன. 1658-இல் அடிமைகளுக்கென்று பள்ளி தொடங்கிய ஆளுநர், மன்றாட்டுகளைக் கற்றோருக்குப் பரிசாகக் கொடுத்தது ஒரு குவளைப் பிராந்தியும் சிறிது புகையிலையும்!

1834-இல் அடிமைத்தனம் ஒழிந்தும் குவளை ஒழியவில்லை. கூலியின் ஒரு பகுதியை மட்டமான மதுவாகவே, வேலை நேரத்தில் நாளுக்குப் பல தடவை ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் தோட்டங்களில் நிலைத்தது. 1960-களில் சட்டம் தடுத்த பிறகும் 1990-கள் வரை சில இடங்களில் அது நீடித்தது. சனிக்கிழமைக் கூலி சாராயக் கடைக்குச் செல்லும் வீடுகளை நாம் அறிவோம். இங்கோ கூலியே மதுவாக வீடு வந்தது. தாயின் வயிற்றிலேயே மதுவினால் மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகளின் விகிதம் உலகிலேயே மிக உயர்ந்து காணப்பட்ட இடங்களுள் இத்திராட்சை நாடும் ஒன்று. தோட்ட வேலையாள் ஒவ்வொருவனுக்கும் குறையாது ஒரு தெனாரியம் கொடுத்தவரைப் பற்றி நம் ஆண்டவர் சொன்ன உவமையை இங்கே நினையாமலிருக்க முடியவில்லை. 2012-இல் ஹெக்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கின் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்த பின்னரே, நாளொன்றுக்கு 69 ராண்டாக இருந்த குறைந்த அளவுக் கூலி 2013 மார்ச்சில் 105 ராண்டாயிற்று. பழைய பண்ணைகள் பலவற்றில், விடியற்காலையில் அடிமைகளை எழுப்பிய மணி, வெள்ளையடித்த வளைவுக்குள் இன்னும் தொங்குகின்றது. சுற்றுலா வந்தோர் அதன் கீழ் நின்று படமெடுத்துக் கொள்கின்றனர்.

இரசத்தின் சுவை பற்றிச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. 1925-இல் ஸ்டெல்லன்பாஷில் இருவகைத் திராட்சைகளை இணைத்து உருவாக்கிய பினோட்டாஜ் என்னும் வகை இந்நாட்டுக்கே உரியது என்ற அளவோடு நிறுத்துகின்றேன். உணவைப் பற்றிப் பேசலாம். மஞ்சளும் மசாலையும் கூட்டிக் கொத்திய இறைச்சியின் மேல் முட்டைப் பாலை ஊற்றிச் சுட்டெடுக்கும் பபூட்டி, மஞ்சள் சோற்றுடன் பரிமாறப்படுகின்றது. ஊறுகாய்க்கு அங்கே அச்சார் என்று பெயர். மசாலை மணக்கும் எதுவும் ‘கெர்ரி’; நம் கறி என்னும் சொல்தான் கடல் கடந்து அப்படியானது. அடுப்படியில் நின்ற அடிமைப் பெண்களின் கைமணம் எசமானர் வீட்டு மேசையை வென்றுவிட்டது.

திமிங்கிலம் காண விரும்புவோர் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் செல்ல வேண்டும். திராட்சை அறுவடையோ பிப்ரவரி, மார்ச்சில். இரண்டையும் ஒரே பயணத்தில் காண இயலாது. அறுவடைக்குச் செல்பவர்கள் புனித வாரம் வரை தங்கினால், பெரிய வெள்ளியன்று கேப் டவுன் வீடுகளில் உண்ணும் கெர்ரி மீன் கிடைக்கும். கெட்டியான கடல்மீனைப் பொரித்து, வெங்காயமும் மஞ்சளும் காடியும் சேர்த்துக் காய்ச்சிய சாற்றில் இரண்டு மூன்று நாள் ஊற வைத்து, ஆறியபடியே ரொட்டியோடு உண்கின்றார்கள். கிறிஸ்தவர் மட்டுமல்லர், அண்டை வீட்டு இசுலாமியரும் அன்று அதைத்தான் செய்கின்றனர்.