சப்பாத்துக்குள் இரண்டு மேஸ்

சப்பாத்து, மேஸ் ஆகிய இரண்டு சொற்களும் போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச் சென்றவை. தமிழக நண்பர்கள் ஷூ என்றும் சாக்ஸ் என்றும் சொல்வதை ஈழத்தவர்களாகிய நாம் இன்றும் லிஸ்பன் வாசனையோடுதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். போர்த்துக்கேயர் கட்டியதாகச் சொல்லப்படும் சிறு கோட்டை ஒன்று பூநகரியில் இடிந்த நிலையில் நிற்கிறது. கோட்டையும் சொற்களும் வந்தனவே தவிர, அந்தச் சொற்கள் குறித்த பொருள்கள் பூநகரிக்கு வந்துசேர நெடுங்காலம் பிடித்தது. மொட்டைக்கறுப்பன் நெல் விளையும் வயலில் வெறுங்கால்; வீதிக்கு வந்தால் பாட்டாச் செருப்பு. சப்பாத்து என்பது கந்தோர் உத்தியோகத்தருக்கும் கல்யாண மாப்பிள்ளைக்கும் உரியதாகவே இருந்தது.

உயரமான தோல் சப்பாத்தை அந்த மண்ணுக்குக் கொண்டுவந்தது போர். 1993 நவம்பர் 11 இல் பூநகரிப் படைத்தளம் தாக்கப்பட்டதும், 2008 நவம்பர் 15 இல் இராணுவம் பூநகரியை மீண்டும் கைப்பற்றியதும் மாரிகாலத்தில்தான் நடந்தன. அந்தச் செய்திகளில் ஆயுதங்களின் தொகை இருந்தது; இறந்தோர் தொகை இருந்தது. களப்பும் சேறும் உவர்நிலமும் நிறைந்த அந்தப் பகுதியில் நின்றவர்களின் கால்கள் எப்படி இருந்தன என்று எவரும் எழுதவில்லை. பத்திரிகைக்காரனுக்குக் கால் ஒரு செய்தி அல்ல.

ஆனால் படைகளை நடத்தியவர்களுக்குக் கால் எப்போதும் செய்திதான். முதலாம் உலகப் போரில் பதுங்குகுழித் தண்ணீரில் நின்று பாதம் அழுகிய பிரித்தானியப் படையினர் பல்லாயிரம் பேர். அதன் பின்னரே நாள்தோறும் காலைத் துடைத்து, திமிங்கில எண்ணெய் பூசி, உலர்ந்த மேஸ் மாற்றவேண்டும் என்பது கட்டளை ஆயிற்று. அது நடக்கிறதா என்று பார்ப்பது அதிகாரிகளின் பொறுப்பு. ரஷ்யப் படையினர் மேஸே அணியாமல், நீள்சதுரத் துணியொன்றைப் பாதத்தில் சுற்றிக்கொண்டு சப்பாத்துக்குள் காலை நுழைத்தனர். பல நூற்றாண்டு நீடித்த அந்த வழக்கம் 2013 இல்தான் கைவிடப்பட்டது. பழமை என்று சிரிக்க வேண்டியதில்லை. நனைந்த துணியை அவிழ்த்து உலர்ந்த பக்கத்தைப் பாதத்தில் படும்படி மாற்றிச் சுற்றிக்கொள்ளலாம். மேஸில் அது முடியாது.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து தென்மராட்சி நோக்கி நடந்த பெருங்கூட்டத்தில் நானும் ஒருவன். மழை, சேறு, இருட்டு. செருப்பு அறுந்தவர்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள். அடுத்த ஆண்டு கிளாலியில் படகேறிப் பூநகரிக் கரையில் இறங்கியபோது, முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தவர்கள் ஈரக்காலோடேயே வன்னிப் புழுதியில் நடக்கத் தொடங்கினார்கள். ஊறிய தோல் உலர்ந்த தோலைப் போன்றதல்ல என்பதை அன்று பல ஆயிரம் கால்கள் அறிந்திருக்கும். அதை எனக்கு யாரேனும் விளக்கிச் சொன்னது இருபது ஆண்டுகளின் பின்னர், அதே பூநகரியில்.

சங்குப்பிட்டிப் பாலம் 2011 இல் திறக்கப்பட்ட பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து பூநகரி போவது எளிதாகிவிட்டது. 2016 இல் கண்ணிவெடி அகற்றும் பெண்களைப் பற்றி எழுதுவதற்காக வாடியடிச் சந்திக்கு அப்பாலிருந்த ஒரு வீட்டுக்குச் சென்றேன். அந்தப் பெண்ணுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். கணவர் 2009 இல் இல்லாமல் போனார். இரண்டு பிள்ளைகள். விடியுமுன் வாகனம் வரும். பரந்தன் வழியாக முகமாலைக்குப் போய், மாலையில் திரும்புவார். பேர் வேண்டாம் அண்ணை என்றார், எழுதவில்லை.

வேலை எப்படி நடக்கும் என்று கேட்டேன். மார்பையும் தொடையையும் மறைக்கும் கனத்த கவச உடை, முகத்துக்குக் கவசம், காலில் கணுக்காலுக்கு மேலே கட்டும் சப்பாத்து. குந்தியோ முழந்தாளிட்டோ விறாண்டியால் மண்ணைச் சிறிது சிறிதாக வாரவேண்டும். துப்புரவாக்கப்பட்ட ஒடுங்கிய பாதைக்கு வெளியே கால் போகக்கூடாது. முகமாலை போரின் முன்னரங்காகப் பல ஆண்டுகள் இருந்த இடம். மண்ணுக்குள் இருப்பவை பல வகை. பயமில்லையா என்று எல்லாப் பத்திரிகைக்காரரும் கேட்கும் கேள்வியைக் கேட்டேன். அவர் சொன்ன பதில் நான் எதிர்பாராதது.

“பயம் பழகிப் போச்சு அண்ணை. முதல் மூண்டு மாசம் கால் கொப்புளம்தான் பெரிய கரைச்சல். கால் எரிஞ்சா நினைப்பு முழுக்க அங்கதான் போகும். நினைப்பு கையில இருக்கோணும்.”

இந்த வேலையில் கொப்புளத்தின் விலை என்ன என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல என்னால் முடியாது. எரியும் குதிக்காலை ஆற்றவென்று காலைச் சற்றுத் தள்ளி வைப்பது நமக்கு நினையாமலே நிகழும் காரியம். அங்கே தள்ளி வைக்க இடமில்லை.

அந்தக் கரைச்சலைத் தீர்த்தவர் வைத்தியர் அல்லர், அவரது தாய்மாமன். அதே விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். தொண்ணூறுகளில் மாடு தேடிப் போனபோது மிதிவெடியில் இடதுகாலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். பொய்க்கால் போட்டு வயல் செய்கிறார். ஜெய்ப்பூரில் மருத்துவர் சேத்தியும் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் 1968 அளவில் உருவாக்கிய பாதத்தின் சிறப்பே, சப்பாத்து இல்லாமல் சேற்றிலும் நடக்கலாம், குந்தி இருக்கலாம் என்பதுதான். நம்மைப் போன்றோருக்காகவே செய்தது.

பொய்க்காலுக்கும் மேஸ் உண்டு என்பதை அன்றுதான் அறிந்தேன். எஞ்சிய காலை நேரே கிண்ணத்துக்குள் வைத்தால் தோல் உரிந்துவிடும். ஆகவே முதலில் மெல்லிய நைலோன் உறை. அதன் மேல் பருத்தியிலோ கம்பளியிலோ தடித்த மேஸ். நடக்கும்போது உராய்வு எங்கேயாவது நிகழ்ந்தே தீரும். அது தோலுக்கும் துணிக்கும் நடுவே நிகழாமல் துணிக்கும் துணிக்கும் நடுவே நிகழட்டும் என்பதுதான் ஏற்பாடு. பெரியவர் இதை இயற்பியல் பேசாமல் சொன்னார்: “நைலோன் தோலோட ஒட்டிக்கொண்டு நிக்கும் தம்பி. வெளியில இருக்கிறது சப்பாத்தோட போகும். அதுகள் ரெண்டும் தங்களுக்குள்ள சண்டை பிடிக்கட்டும்.”

மருமகள் கொப்புளத்தோடு நொண்டிக்கொண்டு வந்த நாளில், தன்னுடைய மேஸ் ஏற்பாட்டையே அவளுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார். வெடியில் போன கால், வெடி எடுக்கப் போகும் காலுக்குச் சொன்ன வைத்தியம்.

யாழ்ப்பாணம் திரும்பிய பின்னர் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். பெரியவர் சொன்னது முழுக்கச் சரி. நாம் நினைப்பதுபோலக் கொப்புளம் தோலின் மேற்பரப்பு தேய்ந்து வருவதன்று. உள்ளே எலும்பு முன்னும் பின்னும் அசைகிறது. வெளித்தோல் மேஸோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே மேல்தோலின் உள் அடுக்குகள் மீண்டும் மீண்டும் இழுபட்டுக் கிழிகின்றன. கிழிந்த இடத்தில் நீர் கோக்கிறது. உள்ளங்காலும் குதியும் கொப்புளிப்பதற்குக் காரணம் அங்கே மேல்தோல் தடித்திருப்பதே. மெல்லிய தோல் என்றால் வெறுமனே உரிந்து போயிருக்கும்.

இதில் வியர்வை செய்வது ஒரு மாயம். நன்றாக உலர்ந்த தோல் வழுக்கும். தண்ணீரில் தோய்ந்த தோலும் ஓரளவு வழுக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட பிசுபிசுப்பான ஈரத்தில்தான் துணி தோலை இறுகப் பிடிக்கிறது. வன்னி வெக்கையில் தோல் சப்பாத்துக்குள் காலை எட்டு மணிக்கெல்லாம் அந்த நிலைதான். பருத்தி நம் சனங்களுக்குப் பிரியமானது; வெய்யிலுக்கு நல்லது என்பது ஒரு நம்பிக்கை. சட்டைக்கு அது உண்மை. சப்பாத்துக்குள் பருத்தி வியர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். நனைந்து தளர்ந்து மடிப்பு விழும். தோலோடு ஒட்டி இருக்கவேண்டியது தண்ணீரைப் பிடித்து வைக்காத மெல்லிய பொலியெஸ்தரோ நைலோனோ. வெளியே இருக்கவேண்டியது, ஈரத்தை வெளியே இழுப்பதும் அமுங்கி விடாததுமான தடித்த கம்பளிக் கலப்பு. அமெரிக்கக் கடற்படைத் தரைவீரர்களிடம் தொண்ணூறுகளில் செய்த சோதனைகளும் இந்தச் சேர்க்கையையே ஆதரித்தன. வன்னியில் கம்பளியா என்று அந்தப் பெண்ணோடு வேலை செய்தவர்கள் முதலில் சிரித்தார்களாம்.

வியர்வையையே நிறுத்திவிட்டால் என்ன என்றும் பார்த்திருக்கிறார்கள். வெஸ்ட் பொயின்ற் படைக் கல்லூரி மாணவர்களுக்கு அலுமினியம் குளோரைட்டு மருந்தைக் காலில் பூசி 21 கிலோமீற்றர் நடக்கவிட்ட ஆய்வு 1998 இல் வெளிவந்தது. வெறும் மருந்து பூசியவர்களில் 48 விழுக்காட்டினருக்குக் கொப்புளம். உண்மை மருந்து பூசியவர்களில் 21. நல்ல பலன் என்று தோன்றும். ஆனால் மருந்து பூசியவர்களில் 57 விழுக்காட்டினருக்குத் தோல் எரிச்சல் வந்துவிட்டது. வாசலீன் பூசுவதும் அப்படித்தான்: முதல் ஒரு மணி நேரம் வழுக்கும், பிறகு பிடிப்பு முன்னைவிடக் கூடும். இரண்டு மேஸ் மலிவானது, எரியாது.

ஆனால் இரண்டு மேஸ் போட்டால் சப்பாத்து ஓர் அளவு பெரிதாக வேண்டும். இல்லாவிட்டால் விரல்கள் நெரிந்து வேறிடத்தில் கொப்புளம் வரும். அந்தப் பெண் பெரிய அளவு கேட்டபோது, உமது கால் சின்னது தானே என்று களஞ்சியத்தில் இருந்தவர் கொடுக்க மறுத்தாராம். மேற்பார்வையாளர் வரை போய்த்தான் வாங்கினார். பாதம் வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், இரண்டு மேஸையும் போட்டுக்கொண்டு அளவு பார்க்கவேண்டும் என்பதையும் அவரே கண்டுபிடித்துக்கொண்டார். நூல் கயிற்றைக் கணுக்கால் மடியும் இடத்தில் இறுக்கி முடிச்சிட்டால் குதி மேலெழாது. முழந்தாளிடும்போது சப்பாத்தின் முன்பகுதி மடிந்து விரல் மூட்டை அழுத்துவதற்கு மட்டும் எதுவும் செய்ய முடியவில்லை என்றார். இடைவேளையில் உள்மேஸை மாற்றி, காலைக் காற்றில் வைக்கிறார்.

பெரியவரின் கணக்கு இன்னும் நுட்பமானது. எஞ்சிய கால் பகல் ஏற ஏறச் சுருங்கும், காலையில் இறுக்கமாக இருந்த கிண்ணம் மதியத்துக்கு ஆடத் தொடங்கும், ஆடினால் கொப்புளம். ஆகவே மெல்லியது, நடுத்தரம், தடித்தது என்று வெவ்வேறு மேஸ்களை மடிக்குள் கொண்டுபோய், வரம்பில் இருந்து ஒன்றொன்றாகக் கூட்டுவார். அதிகம் கூட்டினால் கால் கிண்ணத்துக்குள் முழுதாக இறங்காது, அதுவும் புண். அவருக்கு நீரிழிவும் இருந்தது. உணர்ச்சி குறைந்த காலில் கொப்புளம் வலிக்காது, ஆகவே ஒவ்வொரு இரவும் கண்ணாடி வைத்துக் காலைப் பார்ப்பார். வலதுகாலையும் சேர்த்துத்தான். நீரிழிவுள்ள வாசகர்கள் சப்பாத்துப் போடாதவர்களாயினும் இதைச் செய்யலாம். கொப்புளத்தைக் கண்டால் குத்தி உடைக்காமல் வைத்தியரிடம் காட்டவேண்டும்.

கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. நிலத்தைத் துப்புரவாக்கி முடிக்கவேண்டிய நாள் 2028 ஜூன் 1. சப்பாத்து வேலை கொடுத்தவர்கள் தந்தது. மேஸ் அவரவர் வாங்கியது. உள்மேஸை அந்தப் பெண் கிளிநொச்சிச் சந்தையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விற்கும் மெல்லிய நைலோன் மேஸாக வாங்கினார். கம்பளி மேஸ் கனடாவிலுள்ள சித்தி பொதியில் போட்டு அனுப்பியது. அதில் ஒரு சிக்கல் இருந்தது. வந்தவை எல்லாம் ஆண்களின் அளவு. குதிக்கு என்று நெய்த பகுதி கணுக்காலுக்கு மேலே போய் நின்றது; முன்னால் மிஞ்சிய துணி விரலடியில் மடிந்தது. மடிப்பு விழுந்தால் இரண்டு போட்டும் பலனில்லை. குளிர்நாட்டிலிருந்து வன்னிக்குப் பொதி அனுப்பும் வாசகர்கள், வைப்பதாயின் பெண்களின் சிறிய அளவிலும் நாலு சோடி வையுங்கள். மாரியில் ஒரு சோடி காய இரண்டு நாள் எடுக்கிறது.